வெள்ளிக்கிழமை சிக்கன் நூடுல்ஸ்

கடையில் சாப்பிடுவது எனக்கு எப்போதும் கொஞ்சம் சங்கடமான காரியம். சாப்பாடு பிடிக்காமல் இல்லை. வாய்விட்டுக் கேட்டு வாங்குவதுதான் வராது. தட்டாஞ்சாவடியில் நான் வேலை செய்யும் பட்டறைக்கு எதிரே ஒரு இட்லிக் கடை இருக்கிறது. போய் உட்கார்ந்தால் போதும், இட்லி வரும், கெட்டிச் சட்னி வரும். கடைக்கார அம்மா என்ன வேண்டும் என்று கேட்பதே இல்லை. அதனாலேயே பல வருடங்களாகக் காலைச் சாப்பாடு அங்கேதான். சட்னியில் உப்பு கூடிப்போன நாட்களிலும் நான் எதுவும் சொன்னதில்லை.

நூடுல்ஸ் கடைகள் வேறு மாதிரி. சாயங்காலமானால் முத்தியால்பேட்டையில் ஒவ்வொரு கடை வாசலிலும் அடுப்பு சீறும். கடாயை ஆட்டிக்கொண்டு நிற்கும் மாஸ்டரிடம், அந்தச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்து, என்ன வேண்டும், காரம் எப்படி என்றெல்லாம் சொல்ல வேண்டும். கோஸும் சாஸும் வதங்கும் வாசனையோடு நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். ஆசையாக இருந்தால் என் மகள்தான் பார்சல் வாங்கி வருவாள்.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்யும் வீராம்பட்டினத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக இந்த வருடம் பொங்கல் கழிந்து சொன்னாள். நாங்கள் கத்தோலிக்கர்கள். அவர்கள் அம்மனைக் கும்பிடும் குடும்பம். என் மனைவிக்குப் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. ஒரே ஒரு கவலை. கல்யாணத்துக்குப் பிறகு மகளை ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்கு விடுவார்களா? விடுவோம் என்றால் மேற்கொண்டு பேசலாம், இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டாள். கேட்க வேண்டியது நான்.

வீட்டுக்கு வரப்போக ஆரம்பித்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். அதனால் முதலில் அப்பாக்கள் இருவர் மட்டும் வெளியே எங்காவது சந்திப்பது என்று பிள்ளைகள் ஏற்பாடு செய்தார்கள். இடத்தைப் பையனின் அப்பா சொன்னார்: மணிக்கூண்டுப் பக்கம் ஒரு நூடுல்ஸ் கடை. துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறவர் அவர். அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சுத்தபோசனம், கறி தொடமாட்டோம். வெஜ் நூடுல்ஸ் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சுத்தி வளைக்காதீங்க. நேரா கேட்டுடுங்க" என்றாள் மனைவி.

"ம்."

"அங்க போயும் இப்பிடி ம்முன்னு உக்காந்துட்டு வந்துடாதீங்க."

நான் போனபோது அவர் ஏற்கெனவே வந்திருந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வாங்கண்ணே, உக்காருங்க. உங்களுக்கும் சேத்தே சொல்லிட்டேன்." பிறகு அடுப்புப் பக்கம் திரும்பினார். "மாஸ்டரு, சிக்கன நல்லா அள்ளிப் போடு. சம்மந்தம் பேச வந்திருக்கோம்."

மாஸ்டர் கடாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நூடுல்ஸ் கடைலயா? அப்ப பந்தியும் இங்கியே வெச்சிக்கிறீங்களா?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கறி வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

தட்டுகள் வந்தன. சொன்னபடியே மாஸ்டர் அள்ளித்தான் போட்டிருந்தார்.

"சாப்புடுங்கண்ணே."

"நீங்க சாப்பிடுங்க."

"மொதல்ல நீங்க."

நான் ஒரு கேரட் துண்டைத் தேடி எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன். சாப்பிட்டால் சுத்தபோசனம் போய்விடும். முதல் சந்திப்பில் அவர் வாங்கிக் கொடுத்ததை ஒதுக்கினால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்றுதான் நினைப்பார். அவர் மகனுடைய பைக்கைப் பற்றியும் ஐஸ் கம்பெனியில் கரண்ட் போனதைப் பற்றியும் பேசிக்கொண்டே நூடுல்ஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றியது வாய்க்குப் போகவில்லை. மறுபடியும் தட்டிலேயே இறக்கினார். இவருக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, மகனுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மகளுடைய முகம் நினைவுக்கு வந்தது. இனியும் பேசாமல் இருந்தால் எல்லாம் இங்கேயே முடிந்துவிடும்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். "எங்களுக்குத் தவக்காலம். வெள்ளிக்கிழமை கறி சாப்பிட மாட்டோம்."

அவர் முள்கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க வூட்லயும் வெள்ளிக்கிழம கவுச்சி கெடையாதுண்ணே. அம்மனுக்கு."

"அப்பறம் ஏன் சிக்கன் சொன்னீங்க?"

"நீங்க வேதக்காரங்க. வெறும் கோஸ் நூடுல்ஸ வாங்கிக் குடுத்தா கஞ்சப்பயன்னு நெனச்சிப்பீங்களேன்னுதான். நான் சும்மா கெளறிக்கினே உக்காந்திருக்கலாம்னு பாத்தேன்."

"எங்களுக்கு முட்டை, மீன் எல்லாம் ஆவும். கறிதான் கூடாது."

"எங்களுக்கு அதுவும் ஆவாது. வெள்ளிக்கிழம வந்து பாருங்க, எங்க வூட்ல மீன் வாசனயே இருக்காது."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இன்னா, ரெண்டு பேரும் தட்டப் பாத்துக்கினே இருக்கீங்க? உப்பு கம்மியா?"

"கறி இல்லாம ரெண்டு போடறியா?" என்றார் அவர்.

"கடாயி ஒண்ணுதான். கழுவிட்டுப் போடறேன். ஒத்துக்குமா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். லெமன் சோடா வாங்கிக்கொண்டோம். இரண்டு தட்டையும் பார்சல் கட்டச் சொன்னார். "எம் பையன் செவ்வா, வெள்ளியெல்லாம் பாக்க மாட்டான். அவங்கம்மாவுக்குத் தெரியாம தெருமொனைலயே தின்னுட்டுதான் உள்ள வருவான்."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து கேட்டேன். "எம் பொண்ணு ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவா. கல்யாணத்துக்கு அப்பறமும் போவணும். அதைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க வீட்ல."

அவர் மேசையில் சிந்தியிருந்த சோடாவைக் கையால் வழித்துவிட்டார்.

"போவட்டும். நான் வேணான்னு சொல்ல மாட்டேன். ஆனா ஆடி மாசம் அம்மன் தேருக்கு எங்க கூட வந்து நிக்கணும். மருமவ வரலன்னா ஊரு கேக்கும். வருமாண்ணே?"

அது நான் சொல்லக்கூடிய பதில் இல்லை. கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் மனைவியும் மகளும் வாசல் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நடந்ததைச் சொன்னேன். பூசைக்குச் சரி என்றதும் மனைவி மூச்சு விட்டாள். தேர் என்றதும் புருவத்தைச் சுருக்கினாள்.

"தேருக்கு நான் போன வருஷமே போனேம்பா" என்றாள் மகள். "அவங்கம்மாதான் கூழ் குடுத்தாங்க."

"யாரக் கேட்டுப் போன?" என்றாள் மனைவி.

மகள் வாசல் விளக்கை அணைக்கப் போனாள். மனைவி அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"ஈஸ்டர் முடிஞ்சதும் அவங்கள வீட்டுக்கு சாப்பிட வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமையா பாத்து, கறி எடுக்கலாம்."