குலுக்காமல் ஊற்றிய மருந்து

கிளியூரிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு டிவிஎஸ்ஸை முக்கி முனகி மேடேற்றிக்கொண்டு வந்து மலைமேல் இருக்கும் ஆய்வகத்தைத் திறப்பவர் தேவசிகாமணி. படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் நடுங்காத கை என்று பேராசிரியருக்கு அவர்மேல் தனி மதிப்பு. செல்களுக்கு மருந்து ஊற்றும் வேலையையே அவரிடம் விட்டிருந்தார். சர்ச் வாசலில் நிற்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார் தேவசிகாமணி.

மருந்து, ஆராய்ச்சி மாணவி ஜெஸ்லினுடையது. செல்லுக்குள் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கிற புரதம் ஒன்று இருக்கிறதாம். இந்த மருந்து அதைக் கட்டிப் போட்டுவிடுமாம். சுற்றிலும் காற்று நிறைந்து கிடக்கும்போதே மூச்சுக்கு வழியில்லை என்று செல் நம்பிவிடும். அப்போது அது என்ன பாடுபடுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மாலையில் மருந்தைக் கரைத்து வைத்துவிட்டுச் சேலத்துக்கு பஸ் ஏறுவாள். காலை ஆறரைக்கு இவர் ஊற்ற வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு காலை குப்பியை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். மருந்து கல்லாக உறைந்திருந்தது. முந்தின நாள் ஜன்னலைச் சாத்த மறந்தது அவர்தான். மருந்து கெட்டேபோயிற்று என்று முடிவு கட்டினார். போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஜன்னல் விஷயம் வெளியே வந்துவிடும். குப்பியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். பாதி இளகியதும் மேலே நின்றதை மட்டும் உறிஞ்சி ஊற்றினார். மறுநாள் ஜன்னலைச் சாத்தியும் உறைந்தது. இன்றையதைக் கேட்டால் நேற்றையதையும் சொல்லியாக வேண்டுமே. கேட்கவில்லை. அடுத்து வந்த வாரங்களிலும் அப்படியே ஊற்றினார்.

ஒரு தட்டில் செல்கள் செத்துக் கிடந்தன. இன்னொன்றில் மருந்து பட்ட அடையாளமே இல்லை. ஜனவரிக் கடைசியில், நான்கு மாணவர்கள் எதிரில், ஜெஸ்லினுக்கு அளக்கவே தெரியவில்லை, இப்படியே போனால் வேறு ஆள்தான் பார்க்கணும் என்றார் பேராசிரியர். கண்ணாடிக் குவளை துடைத்துக்கொண்டிருந்த தேவசிகாமணி, துடைத்ததையே துடைத்தார்.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏனுங்கண்ணா, அது கெடலைங்க. நான் கரைக்கிற திரவம் பதினெட்டு டிகிரிக்குக் கீழ போனாலே உறையத்தான் செய்யும். பாதி உருகினா மருந்து ஒரே சீரா கலந்திருக்காதுங்க. முழுசா உருக வச்சு நல்லா குலுக்கியிருந்தா போதும். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க?"

அப்போதும் அண்ணா என்றே கூப்பிட்டதுதான் அவரைத் தின்றது. சாரிடம் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். அவர் ஒப்பவில்லை.

"வேண்டாம் கண்ணு. உன்னைத் திட்டறப்ப நின்னவிங்க அத்தன பேரும் இருக்கோணும். நானே சொல்றேன்."

சொன்னார். ஜன்னல், அக்குள், கேட்காமல் விட்ட காலைகள், ஒன்றையும் மறைக்கவில்லை. பேராசிரியர் அவர் பக்கமே திரும்பவில்லை. படிக்காத மனுஷனுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்காதது யார் தப்பு என்று மறுபடியும் ஜெஸ்லினைத்தான் கேட்டார்.

"தப்பு என்னுதுங்க சார்" என்றார் தேவசிகாமணி.

"நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றார் பேராசிரியர், அன்பாகவே.

மாணவர்கள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய ஜெஸ்லினுக்கு மூன்று மாதம் கிடைத்தது. மருந்து ஊற்றும் வேலையை தேவசிகாமணியிடமிருந்து யாரும் பிடுங்கிக்கொள்ளக்கூட இல்லை.