லாரி டியூப்பில் கட்டிய துடுப்பு

இடது கணைக்கால் எலும்பில்தான் முதலில் வலித்தது. ஓடத் தொடங்கும்போது சுருக்கென்று குத்தும், பிறகு மரத்துப்போகும். எழுபதுகளின் கடைசி. சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் மாநிலப் போட்டிக்குத் தேர்வாக வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. உடற்பயிற்சி ஆசிரியரிடம் வலியைச் சொன்னேன். பெண்பிள்ளைகள் சாக்குத் தேடுவார்கள் என்று சொல்லி, கூடுதலாக ஓடவைத்தார்.

நடக்கவே முடியாமல் போன பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (ஓயாத அதிர்வால் எலும்பில் விழும் மயிரிழை விரிசல்). முதலில் முழு ஓய்வு. நடந்தால் வலிக்காது என்றானதும் மருத்துவர் வேறு வழி சொன்னார். கால் தரையில் அதிரக் கூடாது, மூச்சும் தொடையும் தளரவும் கூடாது. அதற்கு, உட்கார்ந்தபடி துடுப்புப் போடும் இயந்திரம் ஒன்று உண்டு என்று காகிதத்தில் வரைந்து காட்டினார்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த என் அண்ணன் அதைச் செய்து தந்தார். பேரிங் மேல் உருளும் பலகை, கால் வைக்க இரும்புப் பட்டை, இழுக்க லாரி டியூப். எதிலும் ஓவர்லோடு ஏற்றினால்தான் லாரிக்காரர்களுக்குத் திருப்தி. ஒரு டியூப் போதும் என்ற இடத்தில் மூன்றைக் கட்டினார். ஒரு வாரத்துக்குள் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணனோடு மறுபடி மருத்துவரிடம் போனேன்.

"லோடு ஏத்திப் பார்த்தாத்தானுங்க டாக்டர் வண்டி தாங்குமான்னு தெரியும்?" என்றார் அண்ணன்.

"இது வண்டியில்லீங்க, உங்க தங்கச்சி" என்றார் மருத்துவர்.

அதன்பின் ஒரே டியூப். உங்களுக்கும் இதே விரிசல் என்றால் ஒன்றை மறக்காதீர்கள்: இந்த இயந்திரத்தில் முதலில் காலால் உந்த வேண்டும், பிறகு முதுகு, கடைசியில்தான் கை.

புதுச்சத்திரத்திலிருந்து உறவினர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நொண்டி என்று பெயர் வந்துவிட்டால் மாப்பிள்ளை கிடைக்காதே என்று அம்மாவிடம் அங்கலாய்த்தார்கள். எலும்பு கூடிவிட்டதா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மருத்துவர் அனுமதித்த பிறகு மாநிலப் போட்டிக்கான தேர்வு ஓட்டத்துக்குப் போனேன். மூச்சு வாங்கவே இல்லை. அந்தப் பலகையின் தயவு. முன்வரிசையில்தான் ஓடினேன். கடைசிச் சுற்றில் அதே இடத்தில் சுருக்கென்றது. நின்றுவிட்டேன்.

ஆசிரியர் ஓடி வந்தார். "அரைச் சுத்துதான் பாக்கி. வலிச்சா என்ன, ஓடு."

"இது என்ர காலுங்க, சார்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த ஆண்டுப் போட்டி போனது போனதுதான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் நின்றுவிட்டதால் விரிசல் மறுபடி திறக்கவில்லை. இன்றும் காலையில் ஓடுகிறேன், கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு.