சத்தம் எப்போது நின்றது?

அந்தச் சின்ன விமானம் விழுந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் சாலையில் இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஊரான ஊரிகத்திலிருந்து பேத்தமங்களாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஸ்கூட்டரை ஓட்டியது நான். பேத்தமங்களா ஏரிக்கு அந்தப் பக்கம் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் தனியார் பள்ளி ஒன்று இருந்தது. அங்கிருந்து கிளம்பிய விமானம் மரங்களைத் தாண்டிக் கொஞ்சம்தான் ஏறியிருக்கும்; அதைப் பார்க்க வண்டியை ஓரமாக நிறுத்தினேன். விமானம் இடது பக்கம் திரும்பியது. ஒரு இறக்கை சாய்ந்தது. அப்படியே ராகி வயலில் விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தபோது பயிற்சியாளருக்கும் உயிரில்லை, கற்றுக்கொள்ள வந்திருந்த பெண்ணுக்கும் உயிரில்லை. அவளுக்கு இருபது வயது இருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து விசாரணை அதிகாரி ஒருவர் என் வீட்டுக்காரர் நடத்தும் பாத்திரக்கடைக்கு வந்தார். சென்னைக்காரர். எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார். திரும்புவதற்கு முன்பே இன்ஜின் சத்தம் நின்றுவிட்டது என்றேன். சத்தியம் செய்யவும் தயாராக இருந்தேன். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் பல்சக்கரங்களை அளந்து தேறியதா இல்லையா என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. என் கண்ணையும் காதையும் நான் சந்தேகப்பட்டதில்லை.

தரையில் மோதும் வரைக்கும் சத்தம் இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பிறகு அதிகாரி எங்களைச் சேர்த்துக் கேட்டபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

"நீ ஹெல்மெட் போட்டிருந்த. உனக்கு இன்னா கேட்டிருக்கும்?" என்றார் என்னிடம்.

வண்டியை நிறுத்தியதுமே கழற்றிவிட்டேன் என்றேன். வயலுக்குள் ஓடும்போதும் அது என் தலையில்தான் இருந்தது என்றார். அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தாதான்மா நான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தானா, எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே பெண்ணின் அப்பா வேலூரிலிருந்து வந்தார். எங்கள் காதில் என்ன கேட்டது என்று விசாரித்தார். சத்தம் முதலில் நின்றது என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். இன்ஜின் கைவிட்டிருந்தால் மகள் மேல் தவறில்லை என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரர் டீ வாங்கப் போய்விட்டார்.

பல மாதங்களுக்குப் பிறகு அறிக்கை வந்தது. விமானத்தின் மூக்கிலிருந்த காற்றாடித் தகடுகள் வளைந்திருந்த விதத்தைப் பார்த்தால் விழும்போதும் இன்ஜின் முழு விசையோடு ஓடிக்கொண்டிருந்ததாம். மேலேறுகையில் வேகம் போதாத நிலையில் திரும்பியதால், இறக்கை காற்றில் தாங்காமல் சாய்ந்திருக்கிறது. ஏன் திரும்பினார்கள், அப்போது ஓட்டியது யார் என்பது தெரியவில்லை என்று முடித்திருந்தார்கள். உலோகம் வளைவதைப் பற்றி எனக்குத் தெரியும். அவர்கள் எழுதியதில் பிழை சொல்ல முடியவில்லை. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த விமானம் எனக்குச் சத்தமில்லாமல்தான் சாய்கிறது.

அவளுடைய அப்பா போன் செய்தார்.

"சத்தம் நின்னுடுச்சுன்னு சொன்னீங்களேம்மா."

"எனக்கு அப்படித்தாங்க கேட்டுச்சு. கேட்டது சரிதானான்னு இப்போ எனக்கே தெரியலங்க."

"அப்போ என் பொண்ணு மேலதான் தப்பா?"

"அப்படின்னும் அவங்க எழுதலங்க."

அதைப் பார்த்தபோது நாங்கள் நின்ற இடத்தைக் காட்ட முடியுமா என்று அவர் கேட்டார்.

அடுத்த ஞாயிறு மூவரும் போனோம். நாங்கள் வண்டியை நிறுத்திய இடம் பாலத்துக்குப் பக்கத்தில் என்றேன் நான். என் வீட்டுக்காரர் அதை மறுத்து, இருநூறு அடி தள்ளி ஒரு போர்வெல் கொட்டகையைக் காட்டினார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு பாலத்தைப் பார்க்கப் பார்க்க, அதுவும் சரியில்லை போலிருந்தது. அங்கிருந்து வயலே சரியாகத் தெரியவில்லை.

பெண்ணின் அப்பா எங்களில் யாரையும் மறுத்துப் பேசவில்லை. பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நடந்துபோய்க் கொட்டகையருகே அதே அளவு நேரம் நின்று, வயலைப் பார்த்தார்.