கொண்டுவந்து விட ஓர் இடம்

ஆடுவதைவிட, ஆடும்போது காட்டவேண்டிய மரியாதைகள்தான் என்னைப் பாடாய்ப் படுத்தின. கலியாணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில், என் கணவராக வரப்போகிறவர் தங்கள் வீட்டுக் குசினியில் எனக்கு வால்ஸ் நடனம் பழக்கினார். அவருடைய அம்மா பக்கத்தில் மீன் பொரித்துக்கொண்டிருப்பார். ஆண் குனிந்து கேட்கவேண்டும். பெண்ணோடு இருக்கிற பெரியவரிடமும் கேட்கவேண்டும். வியர்வை உடுப்பில் படாமல் உள்ளங்கையில் மடித்த லேஞ்சி, அதாவது கைக்குட்டை, வைத்திருக்கவேண்டும். பெண்ணுக்கு விருப்பமில்லையென்றால் கால் நோகுது என்று சொல்லலாம். பொய்யென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் முகம் சுளிக்கக்கூடாது. அவளும் அந்தப் பாட்டு முடியும்வரை வேறெவரோடும் ஆடக்கூடாது.

ஆளைக் கட்டிப்பிடித்துச் சுற்றுவதற்கு இத்தனை சட்டமா என்று வாயடித்தேன். கட்டிப்பிடிப்பதால்தான் இத்தனை சட்டம் என்றார் அவர்.

என் அப்பா மூதூருக்குப் பக்கத்தில், கட்டைபறிச்சானில் வயல் செய்தவர். அம்மா போனபின் எனக்குத் தலை பின்னிவிட்டவரும் அவர்தான். நான் திருகோணமலை ஆசுபத்திரியில் தாதியாக வேலைக்கு வந்த இடத்தில், துறைமுகத்தில் தச்சுவேலை செய்த, போர்த்துக்கேய வழிவந்த ஒரு பறங்கிப் பெடியனை விரும்பிவிட்டேன். சாதியையும் சமயத்தையும் அப்பா எப்படியோ விழுங்கிக்கொண்டார். ஆட்டம்தான் தொண்டையில் நின்றது. ஊர் பார்க்கப் பொம்பிளைகளை ஆம்பிளைகள் கைபிடித்து ஆட்டுகிற வீட்டுக்கா போகப்போகிறாய் என்று கேட்டவர், அதன்பிறகு என்னோடு கதைக்கவில்லை. எனக்கும் அவருடைய வீம்புதான். நானும் கதைக்கவில்லை, தனியே இருந்து அழுததோடு சரி.

கலியாணத்தன்று அப்பா மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் வந்திறங்கினார். மாதா கோயிலில் கடைசி வாங்கில் இருந்தபடி தாலி கட்டுவதைப் பார்த்தார். பின்னேரம் கோயில் மண்டபத்தில் ஆட்டம் தொடங்கியபோது உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தின் கீழ், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். கடைசி லோஞ்சைப் பிடிக்கவேண்டும் என்று, கூப்பிடப் போனவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே போய்விடுவாரோ என்று வாசலை எட்டி எட்டிப் பார்த்தேன்.

முதல் ஆட்டம் மாப்பிள்ளையோடு முடிந்தது. அடுத்தது மாமாவோடு, அதாவது என் கணவரின் தகப்பனோடு. பெரிய உடம்பு, கறுப்புக் கோட்டு. வயலின்காரர் வில்லைத் தூக்கிவிட்டார். மாமா கைகாட்டி அவரை நிறுத்திவிட்டு வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

மாமா வேப்பமரத்தடியில், அப்பாவின் முன்னால் குனிந்தார்.

“ஐயா, உங்கட மகளோட ஒரு பாட்டுக்கு ஆட உத்தரவு தருவீங்களோ?”

அப்பா திகைத்துப்போனார். அந்தக் கலியாணத்தில் எல்லாரும் அவருக்கு அறிவித்தார்களே தவிர, ஒருவரும் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

“அவள் இப்ப உங்கட வீட்டுப் பிள்ளையெல்லோ. என்னட்டை ஏன் கேக்கிறீங்கள்?”

“ஆரிட்டைக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போறமோ, பாட்டு முடிய அவையிட்டையே கொண்டுவந்து விடவேணும். நீங்கள் உள்ளுக்கு ஒரு கதிரையில இருந்தாத்தானே, எனக்கு அவளைக் கொண்டுவந்து விட ஒரு இடம் இருக்கும்.”

அப்பா என்னைப் பார்க்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அத்தனை சப்பாத்துக் கால்களுக்கு நடுவே வெறுங்காலோடு நடந்துபோய், ஒரு கதிரையின் நுனியில் இருந்தார்.

நான் ஆடினேன். முதுகில் மாமாவின் லேஞ்சி பட்டதே தவிரக் கை பட்டதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அப்பாவைத் தேடினேன். வழுக்குகிற வரப்பில் நடக்கும் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோல, அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை நான் தடுமாறியபோது பாதி எழும்பிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் மாமா என்னை அழைத்துப்போய் அந்தக் கதிரைக்கு முன்னால் விட்டு, அப்பாவுக்கு நன்றி சொன்னார். பெண்கள் வரும்போது ஆண்கள் எழும்புவதை அப்பா கவனித்திருக்கவேண்டும். எழுந்து, தன் கதிரையை என் பக்கம் தள்ளினார்.

“இரு பிள்ளை. கால் நோகும்.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மாமா இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டார்.

அடுத்த பாட்டுக்கு என் கணவர் வந்தார். அப்பாவின் முன்னால் குனிந்து முறைப்படி கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். எனக்குக் கால் நோகவில்லை.

“கால் நோகுது,” என்றேன்.

குசினியில் பழக்கியவருக்கு விளங்காதா? சிரித்துக்கொண்டே குனிந்துவிட்டுப் போனார். சட்டப்படி அந்தப் பாட்டு முடியும்வரை என்னை வேறெவரும் எழுப்ப ஏலாது. நானும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். வயல் விதைத்தாயிற்றா என்று கேட்டேன். ஓம் என்றார்.

இறங்குதுறைப் பக்கமிருந்து கடைசி லோஞ்சு ஊதியது கேட்டது. நான் அவருடைய குடையைப் பார்த்தேன். அவர் அதை எடுத்துக் கதிரைக்குக் கீழே தள்ளிவிட்டு, நன்றாகச் சாய்ந்து இருந்தார்.

“இனி ஆர் வந்தாலும் என்னட்டைக் கேட்டுத்தானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும்?” என்றார்.