தொட்டிக்குள் போட்ட முடிச்சு

என் மனைவி மீன் வளர்த்தாள். வளர்த்தாள் என்று எழுதுவதற்குக் காரணம் நான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் எனக்குச் சாதகமாக எதையாவது திரித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

குமாரபாளையத்தில் எங்களுக்கு ஆறு விசைத்தறி. துண்டும் லுங்கியும் ஓட்டுகிறோம். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் ஆத்தூர்க்காரி. கல்யாணமாகி இருபது வருடம் ஆகியும் தறிச் சத்தம் அவளுக்குப் பழகவில்லை. மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனதும் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கினாள். இரண்டு ஏஞ்சல் மீன், கப்பி என்கிற பொடி மீன் பத்துப் பன்னிரண்டு. விரலைத் தண்ணீரில் வைத்தால் ஏஞ்சல்கள் வந்து முட்டும். அவளுக்கு மட்டும்தான் வரும். நான் வைத்தால் ஓடிவிடும்.

பிறகு செடி வைக்க ஆசைப்பட்டாள். சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு மீன் கடையில் மரக்கட்டையும் அனுபியாஸ் செடிகளும் வாங்கி வந்தாள். கட்டையைப் பக்கெட்டில் வாரக்கணக்கில் ஊறப் போட்டாள். டீத்தண்ணி போலச் சாயம் இறங்க இறங்கத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாள். காவிரிக்குப் போய் உருண்டைக் கற்கள் பொறுக்கி வந்து தேய்த்துக் கழுவினாள். அந்தச் செடியின் தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடுமாம். கட்டையிலோ கல்லிலோதான் கட்ட வேண்டுமாம். வெள்ளைப் பருத்தி நூலால், தண்டு நசுங்காமல், தளர்வாகக் கட்டினாள்.

“ஏம்புள்ள, காலொடிஞ்ச ஆட்டுக்குக் கட்டுப் போட்டாப்புல இருக்குது?” என்றேன்.

“சிரிக்காதீங்க. ரெண்டு மாசத்துல வேரு புடிச்சுக்கும். அப்புறம் நூலு தானா மக்கிப் போயிடும்.”

“நூலைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?”

அவள் அடுத்த செடியைக் கையில் எடுத்தாள்.

அடுத்த வாரம் அவள் அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசம். மூன்று நாள் ஆத்தூரில். கிளம்புகிற அவசரத்திலும் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மாற்றி, குழாய்த் தண்ணீரின் குளோரின் போவதற்கான சொட்டு மருந்தை விட்டுவிட்டுத்தான் பஸ்ஸுக்கு ஓடினாள். மறுநாள் என்னிடம் துண்டு எடுக்கிற வியாபாரி வீட்டுக்கு வருவதாக இருந்தது. தொட்டி கூடத்தில், வாசலுக்கு நேராக இருந்தது. அந்த வெள்ளைக் கட்டுகள் என் கண்ணை உறுத்தின. நூல்காரன் வீட்டில் இப்படியொரு கட்டா?

பட்டறையிலிருந்து, தறியில் நீளவாக்கில் ஓடுகிற பச்சைப் பாவு நூல் எடுத்து வந்தேன். செடியின் நிறத்துக்கு அப்படியே பொருந்தியது. அவள் கட்டுகளை வெட்டி எறிந்துவிட்டுப் பச்சை நூலால் இறுக்கிக் கட்டினேன். வியாபாரி வந்தார், பார்த்தார், நல்லா இருக்குதுங்க என்றார். எனக்கு அவ்வளவு பெருமை.

பாவு நூலில் கஞ்சி ஏற்றியிருக்கும். சாயம் முதல் தண்ணீரில் இறங்கும். லுங்கி வாங்குகிற ஒவ்வொருவரிடமும், மொதல் தடவை தனியா அலசுங்க என்று என் வாயாலேயே சொல்கிறவன் நான். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனது என்று இன்னும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் கலங்கிப் பச்சையாக இருந்தது. மீன்கள் எல்லாம் மேலே மிதந்தன. ஏஞ்சல் ஒன்று மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் கேவலம். பச்சை நூலை எல்லாம் அறுத்துக் குப்பையில் போட்டேன். தண்ணீரை முழுவதும் மாற்றினேன். அவளுடைய வெள்ளை நூற்கண்டைத் தேடி எடுத்து, எல்லாச் செடியையும் பழையபடி கட்டினேன். செத்த மீன்களை மட்டும் திரும்ப உள்ளே போட்டேன்.

சாயங்காலம் வந்து பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“மருந்து விட்டேனே... விட்டேனா?” என்று என்னைப் பார்த்தாள்.

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

“அவசரத்துல மறந்திருப்ப,” என்றேன்.

அவள் அழுதாள். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஆறுதல் வேறு சொன்னேன், சீ.

அதன் பிறகு மாதக்கணக்கில் அந்தப் பேச்சு ஓயவில்லை. நான் சாப்பிடும்போது தன் தங்கையிடம் போனில், “நான்தான் கொன்னுட்டேன்டி,” என்பாள். வாசலில் நான் செருப்பு மாட்டும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வாள். வேறு மீன் வாங்கித் தருகிறேன் என்றால், “வேணாங்க, என் கையில உசுரு நிக்காது,” என்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மீன் இல்லாத தொட்டியில் செடிகள் மட்டும் கட்டையைப் பிடித்து வளர்ந்தன.

போன மாதம் ஒரு மத்தியானம், மின்வெட்டில் தறிகள் நின்றிருந்தன. அவள் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதியில் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் நின்று, பச்சை நூல், வியாபாரி, குப்பை எல்லாவற்றையும் கொட்டினேன். முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் தரையைப் பார்த்துத்தான் பேசினேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே வெள்ளை நூலின் சின்னச் சின்ன முடிச்சுகள். தறியில் இழை அறுந்தால் நாங்கள் போடுகிற முடிச்சு. கடுகளவுகூட இருக்காது, எங்கும் சிக்காமல் ஓடும். எனக்கு வேறு முடிச்சு போட வராது. அவளுக்கு இது போடவே வராது. நான் சொல்லிக் கொடுத்துத் தோற்றுப்போனது கல்யாணமான புதிதில்.

“ஊர்லேருந்து வந்த வாரமே ஒரு செடி கழண்டுச்சு. எடுத்துப் பாத்தப்பவே தெரிஞ்சுபோச்சு. மீதிய நானே அவுத்துக் கட்டினேன்,” என்றாள்.

எனக்குக் கோபம்கூட வந்தது, வெட்கமில்லாமல்.

“அப்புறம் ஏம்புள்ள இத்தனை நாளா ஊரெல்லாம் நாந்தான் கொன்னேன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச?”

“ஊரெல்லாம் எங்கங்க சொன்னேன்? நீங்க பக்கத்துல இருந்தப்ப மட்டுந்தான் சொன்னேன்.”

யோசித்துப் பார்த்தேன். ஆமாம்.