ஹெட்லைட் மேல் போட்ட பழி

பிஸ்கட் ஃபேக்டரியின் காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் பழைய வேன் அது. அதை ஓட்டுபவரை எல்லாரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் அந்தப் பட்டப்பெயரைக் கேட்டு அவர் மனைவி மனசுக்குள் பெருமைப்பட்டாளாம். ஒருநாள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அது புருஷனின் குணத்துக்கு வைத்த பெயர் இல்லை, வேகத்துக்கு வைத்த பெயர் என்று புரிந்ததாம்.

அவளுக்கும் அதே ஃபேக்டரியில்தான் வேலை, பேக்கிங் பிரிவில். முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். பின்னால் வருகிறவர்களில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் சூப்பர்வைசர் அம்மா. வண்டி கிளம்பியதிலிருந்து நிற்கும்வரை அவர் வாய் ஓயாது. இன்னொருத்தி அடுப்புப் பிரிவுக்காரி. ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் ஃபேக்டரி கேட்டில்தான் கண் திறப்பாள். அவளுக்குத் 'தூக்கம்' என்று பெயர்.

விடியல் தாமதமாகும் மாதங்கள் வந்தன. ஒருநாள் காலை, மரக்கடை தாண்டி வளைவு திரும்பியபோது சூப்பர்வைசர் அம்மா திடீரென்று அலறினார். 'பொறுமை' பிரேக்கை ஏறி மிதித்தார். தெரு கூட்டுகிற ஒரு பெண்ணின் தள்ளுவண்டியை லேசாக முட்டிக்கொண்டு வேன் நின்றது. அந்தப் பெண் துடைப்பத்தோடு ஓரத்துக்குத் துள்ளியிருந்தாள். அடி எதுவும் இல்லை. ஆனால் வாய் திறந்தாள்.

"ஏன்யா, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

அவர் இறங்கி ஓடினார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேனின் முகப்பைப் பார்த்தாள்.

"இது ஹெட்லைட்டா, நைட் லேம்பா? இத வச்சுக்கிட்டு இத்தனை பேர ஏத்திக்கிட்டு வர்றியா?"

அவர் திரும்பி வந்து வண்டிக்குள் ஏறியதும் சூப்பர்வைசர் அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். "அவ சொல்றதுல என்ன தப்பு? நாலு மின்மினிப் பூச்சியப் புடிச்சுக் கட்டினாகூட இதவிட வெளிச்சமா இருக்கும். மொதல்ல லைட்ட மாத்துங்க."

ஆளாளுக்கு ஹெட்லைட்டைத் திட்டினார்கள். 'பொறுமை'யின் நெஞ்சுப் படபடப்பு அடங்கி, அந்த இடத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. அது நல்ல நிம்மதி இல்லை என்று அவருக்குத் தெரியும். சில மாதங்களாகவே எதிரே வண்டி வந்தால் அதன் வெளிச்சம் பஞ்சு வெடித்தது போல விரிந்து சாலையையே மறைத்துக்கொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பேப்பர் படிப்பதை விட்டுவிட்டார், கேட்டால் 'அதுல என்ன இருக்கு' என்றார். ஓட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாத மனிதர். கண் போய்விட்டது என்று சொன்னால் பிறகு தான் யார்?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடமும் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. சங்கடமே அதுதான்.

அந்த வார விடுமுறையில் மனைவியின் தம்பியிடம் வேனைக் கொண்டுபோனார். அவன் வண்டிகளுக்கு எலக்ட்ரீஷியன். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பட்டறை. சாப்பாட்டுக் கூடையோடு மனைவியும் கூட வந்தாள். மைத்துனன் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, பல்லே விளக்காதவன் பல்லு மாதிரி இருக்கு."

"வெள்ளை எல்.இ.டி பல்பு ஒண்ணு வருதுல்ல மச்சான், அதப் போட்டுடு. பளிச்சுனு இருக்கும்."

"உங்களுக்குப் பளிச்சுனு இருக்கும். எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு அவிஞ்சு போகும். உள்ள இருக்கிற இந்தக் கிண்ணம் பழைய மாதிரி பல்புக்குன்னே செஞ்சது. அதுல வேற எதையாவது சொருகினா வெளிச்சம் ரோட்டுல விழாது, அடுத்தவன் மூஞ்சிலதான் விழும்."

அந்தப் பேச்சை 'பொறுமை' அதோடு விட்டுவிட்டார். எதிரே வரும் வெளிச்சம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மைத்துனன் பல்பைக் கழற்றிக் காட்டினான். உள்பக்கம் கரி படிந்திருந்தது. பிறகு மீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தான், பல்பு சொருகும் இடத்தில் வைத்தான். "பாத்தீங்களா? டேங்க்குல தண்ணி நிறைய இருக்கு, குழாயில சொட்டுது. நடுவுல வயரெல்லாம் பழசு, எர்த்து பிடிக்கிற இடம் துரு. புது பல்பு மட்டும் போட்டுப் பிரயோஜனம் இல்ல."

பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்துத் தடிமனான வயர் இழுத்தான். சுவிட்சின் மேல் பாரம் விழாமல் இருக்க ஒரு ரிலே வைத்தான். எர்த் பிடிக்கிற இடத்தைச் சுரண்டி இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தான். கண்ணாடியைத் தேய்க்கும் வேலையை மாமாவிடம் கொடுத்தான். தண்ணீர் ஊற்றி ஊற்றி, முதலில் முரட்டு உப்புத்தாள், அப்புறம் மென்மையானது, அப்புறம் அதைவிட மென்மையானது. படிந்திருந்த மஞ்சள் பாலாகக் கரைந்து வழிந்தது. பாலிஷ் போட்டு, வெயில் தாங்க மேலே ஒரு பூச்சு அடித்து உலரவிட்டார்கள்.

பொழுது சாய்ந்ததும் பட்டறைச் சுவருக்கு எதிரே வேனை நேராக நிறுத்தி, சுவரில் டேப் ஒட்டி, வெளிச்சம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறாதபடி திருகைத் திருப்பித் திருப்பி வைத்தான் மைத்துனன். சுவர் முழுக்க வெளிச்சம் தெளிவாக விழுந்தது. மனைவி குழந்தை மாதிரி கைதட்டினாள்.

"என்னங்க, அந்தப் பல்லியப் பாருங்களேன்! ஐயோ பாவம்!"

'பொறுமை' பார்த்தார். சுவர் முன்பைவிடப் பிரகாசமாக இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் பல்லி எதுவும் இல்லை.

"ஆமா, பாவம்" என்றார்.

அடுத்த வேலைநாளில் வண்டிக்குள் ஒரே கொண்டாட்டம். 'தூக்கம்' கூட நடுவழியில் விழித்து, "என்ன, விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. லைட் நன்றாகியும் வண்டி ஏன் இன்னும் மெதுவாகப் போகிறது, மனுஷன் ஏன் ஸ்டியரிங்கை முகத்தால் ஓட்டுகிறவர் மாதிரி குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்று மனைவி யோசித்துக்கொண்டே வந்தாள்.

அன்று ஷிஃப்ட் முடிந்து மதியம் வீட்டில் தட்டு வைக்கும்போது சாதாரணமாகக் கேட்டாள். "பட்டறைச் செவுத்துல பல்லியப் பாத்து பாவம்னீங்களே, அதுக்கு என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு? பல்லி பல்லியா இருந்துச்சு."

"அதுக்கு வாலே இல்லங்க."

அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீ என்ன போலீஸா? வீட்டுக்குள்ள விசாரணை வச்சிருக்க!" என்று கத்திவிட்டு வெளியே போய், அழுக்கே இல்லாத வேனைக் கழுவ ஆரம்பித்தார். வெகுநேரம் கழுவினார். அவள் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து மறுபக்கம் நின்று துடைத்தாள். கடைசியில் அவர்தான் பேசினார்.

"எதிர்ல வண்டி வந்தா ரோடே காணாமப் போயிடுது. அன்னிக்கு அந்தத் தெரு கூட்டுறவங்க எனக்குத் தெரியவே இல்ல. சூப்பர்வைசரம்மா கத்தலேன்னா..."

"லைட்டும் மோசமாத்தாங்க இருந்துச்சு."

"இருந்துச்சு. இப்பதான் சரியாயிடுச்சே. இனிமே எது மேல பழி போடுறது?"

மறுநாள் காலை மைத்துனன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். 'பொறுமை' பின்னால் ஏறினார். எல்லாரும் ஏறிய பிறகு, வண்டி கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார். "எனக்குக் கண்ணு சரியில்ல. அன்னிக்கு நடந்தது லைட்டால மட்டும் இல்ல. தெரிஞ்சும் சொல்லாம உங்கள ஏத்திக்கிட்டு வந்துட்டேன். சரியாகுற வரைக்கும் ஓட்ட மாட்டேன். நீங்க வேற வண்டி பாத்துக்கிட்டாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

சூப்பர்வைசர் அம்மாவுக்கே பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைதியில் ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் ஓட்டட்டுமா?"

'தூக்கம்'தான். கண்ணை முழுசாகத் திறந்து உட்கார்ந்திருந்தாள். ஃபேக்டரிக்கு வருமுன் பால் வண்டி ஓட்டியவளாம். லைசென்ஸ் இன்னும் கைப்பையில் இருந்தது.

"அடிப்பாவி, இத்தனை நாளா வாயத் திறக்கலையே?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"எங்க திறக்கிறது, தூங்கிட்டுல்ல வர்றேன். வண்டி ஓட்டினவளுக்கு அடுத்தவங்க ஓட்டும்போது தூக்கமே வராதுக்கா. இல்லாத பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரணும். இவர் வண்டியிலதான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். அவருக்கு அது திட்டைவிட அதிகமாக உறைத்தது. குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு கண்ணுலயும் புரை. வலது கண்ணுல நல்லா முத்திடுச்சு. உள்ள இருக்கிற லென்ஸ் மங்கிப் போச்சு."

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா போகாதா டாக்டர்?" என்று கேட்டுவிட்டார் 'பொறுமை'. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். மனைவி ஹெட்லைட் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "இத எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். பயப்பட ஒண்ணும் இல்ல. மாமா மச்சான் வேலை மட்டும் இதுல ஆகாது."

ஆபரேஷனுக்குக் காத்திருந்த நாட்களில் ஒரு காலை, நன்றாக விடிந்த பிறகு, மரக்கடை வளைவுக்கு நடந்து போனார். தெரு கூட்டும் பெண்ணிடம் இருந்ததை இருந்தபடி சொன்னார். அவள் துடைப்பத்தைத் தரையில் தட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரி, சொல்லிட்டீங்க. பலபேரு சொல்றதில்ல. போய் கண்ணப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், பிறகு மற்றதை மூடினார். ஒரு கண்ணுக்குச் சுவர் வெள்ளை, இன்னொரு கண்ணுக்கு டீ கொட்டிய மாதிரி மஞ்சள். இத்தனை நாள் இதைத்தான் வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தோமா என்று திகைத்து, மனைவி பக்கம் திரும்பினார்.

"இந்தச் சேலை நீலமா? பச்சைன்னுல்ல நெனச்சேன்?"

"வாங்கிக் குடுத்ததே நீங்கதான். 'பச்சை உனக்கு நல்லா இருக்கும்'னு சொல்லிக் குடுத்தீங்க. ஆசையா குடுத்தத எதுக்கு மறுத்துப் பேசணும்னு விட்டுட்டேன்."

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஷிஃப்ட் முடிந்து திரும்பும் பகல் ஓட்டம் அவருக்கே வந்தது. இருட்டில் போகும் காலை ஓட்டத்தை, இரண்டாவது கண்ணும் சரியாகும்வரை அடுப்புப் பிரிவுக்காரி பார்த்துக்கொண்டாள். சரியான பிறகும் முழுசாகக் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. ஆளுக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டார்கள். அவளுக்கும் அதுதான் பிடித்திருந்தது. ஒரு வாரம் கூலியோடு ஓட்டலாம், ஒரு வாரம் தூங்கலாம்.

அவருடைய முறை திரும்பி வந்த முதல் காலை இருட்டு அடர்த்தியாக இருந்தது. மேம்பாலத்தில் ஏறும்போது எதிரே ஒரு லாரி வந்தது. பழக்க தோஷத்தில் அவர் தோள்கள் இறுகின. லாரியின் விளக்குகள் இரண்டு விளக்குகளாகவே நெருங்கி வந்து கடந்துபோயின. ஓரத்து வெள்ளைக் கோடு அதன் இடத்திலேயே இருந்தது. அவர் மூச்சு விட்டதைப் பின்னால் யாரும் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர் அம்மா யாரோ ஒருவரின் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"வெளிய காத்து நல்லா அடிக்குதுங்க, கண்ணாடிய இறக்குங்களேன்" என்றாள் மனைவி.

இறக்கினார்.