என் ஆடு எல்லார் வீட்டிலும் செத்தது

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் மருமகள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். நான் பேசுவதைப் புத்தகத்தில் வருவதுபோல மாற்றித்தான் எழுதுவாள், சொன்னால் கேட்பதில்லை. யார் பெயரும் வேண்டாம் என்று மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

கட்டுரை என்றால் பிள்ளைகள் கைடைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள் என்பது அவளுக்கு வெகுநாள் குறை. மாதிரிக் கட்டுரையில் ஒரு பையன் ஏற்காடு போயிருந்தால் மொத்த வகுப்பும் ஏற்காடு போய்வந்துவிடும். ஒரு மதியம் போனை என் முன்னால் வைத்தாள்.

"நெசமா நடந்தது ஒண்ணை மாதிரியாக் குடுத்துப் பாக்கறேனுங்க மாமா. உங்க ஆட்டுக் கதையைச் சொல்லுங்க."

அந்த ஆடு மேச்சேரிச் சந்தையில் வாங்கிய செம்மறி. அப்போதெல்லாம் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டைப் போர்த்தி, அதற்குள் கையைக் கொடுத்து விரலைப் பிடிப்பார்கள். கூட வந்த என் மனைவிக்கே விலை தெரியாது. ஊர் வந்து சேரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள், நானும் சொல்லாமலே வந்தேன். கடைசிவரை சொல்லவில்லை. அதை விடுங்கள். செம்பழுப்பு நிறம். என் வேட்டி முனையில் என்ன ருசி கண்டதோ, நான் உட்கார்ந்தால் வந்து அதைச் சப்பும். அது நிறைசினையாக இருந்தபோது நாங்கள் எல்லோரும் பனமரத்துப்பட்டிக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டோம். திரும்பி வந்தால், பட்டித் தட்டியில் தலையைக் கொடுத்தபடி செத்துக் கிடந்தது. குட்டியின் ஒரு கால் மட்டும் வெளியே வந்திருந்தது. தட்டியில் ஒரு மூங்கில் உடைந்திருந்தது. அவ்வளவு முட்டியிருக்கிறது. கத்தியும் இருக்கும். கேட்க வீட்டில் யாரும் இல்லை.

இதை அவள் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ஆளுக்கொன்று கொடுத்தாள். இதே மாதிரி உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள் என்றாளாம்.

பிள்ளைகள் எழுதிக் கொடுத்த கட்டுரைக் கட்டோடு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, பள்ளிக்கூடம் பூரா உங்க ஆடுதானுங்க செத்துக் கெடக்குது."

"ஆடு வெச்சிருக்கற புள்ளைங்களா இருக்கும் அம்மிணி."

"தறி ஓட்டறவங்க ஊட்லயும் செத்துப்போச்சுங்க. கோழிப்பண்ணைக்காரர் பையன் மட்டும் மாத்தி எழுதியிருக்கான். அவங்க கோழி செத்துச்சாம். குஞ்சோட ஒரு காலு மட்டும் வெளிய வந்திருந்துச்சாம்."

என் மகனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் வகுப்பில், இனி ஆடு கூடாது, ஆட்டை எழுதுகிறவர்கள் அப்பாவைக் கூட்டிவர வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலமே மூன்றாவது வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள். அவளும் அந்த வகுப்புதான். அவள் அப்பன் வடக்கே லாரி ஓட்டுகிறவன், எனக்கு மகன் முறை. ஊருக்கு வந்தால் குடிப்பான், பெண்டாட்டியை அடிப்பான். எங்கள் வளவில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். ஒருமுறை நான் போய் நின்றேன். "உங்க சோலியைப் பாருங்க பெரியப்பா" என்று மரியாதையாகத்தான் சொன்னான். மறுநாள் அவன் பெண்டாட்டி வந்து கும்பிட்டாள். "இனிமேல் வராதீங்க மாமா. நீங்க வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு பங்கா உளுகுது" என்றாள். போலீசில் சொல்லலாம் என்று என் மருமகள் கூப்பிட்டதற்கும் அதே கும்பிடுதான்.

அந்தப் பெண் வாசற்படியிலேயே நின்றாள்.

"தாத்தா, டீச்சர்கிட்டச் சொல்லுங்க. நான் ஆட்டையே எழுதிக்கறேன்."

"ஏஞ்சாமி, ஆடு வேண்டாம்னுதான சொல்றா. உங்கூட்ல நடந்தது எதையாச்சும் எழுது."

"எங்கூட்ல நடக்கறத எழுதுனா அப்பறம் ஊடே இருக்காதுங்க தாத்தா."

"திருவிழாவுக்கு, கிருவிழாவுக்குப் போனது ஏதாச்சும்…"

"போனதில்லீங்க. ஆட்டை எழுதுனா அப்பாவை வரச் சொல்லுவாங்க, அது வேண்டாமுங்க. அவரு பள்ளிக்கூடத்துக்கு வருவாரு. அப்பறம் ஊட்டுக்கும் வருவாருங்கல்ல."

பேச்சுக்குக் குறைவில்லாத ஆள் நான், ஒரு ஆட்டைப் பற்றி அரை நாள் பேசுவேன். வேட்டி முனையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மருமகளிடம் கேட்டேன். "அந்தப் புள்ளைக்கு மட்டும் ஆட்டை உட்ரு அம்மிணி."

"ஒருத்திக்கு உட்டா எல்லாரும் கேப்பாங்க மாமா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "எழுதட்டுங்க. அவங்கப்பாவைக் கூப்புடலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பெண்ணின் கட்டுரையை எனக்குப் படித்துக் காட்டினாள். மேச்சேரிச் சந்தை, துண்டு, வேட்டி முனை என்று எல்லாம் நான் சொன்னபடியே இருந்தது. சொன்னதையே திரும்பக் கேட்பதால் எனக்குக் கண் சொக்கியது. கடைசிக்கு வந்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஆடு கத்தியது. எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்டது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். ஆடு இன்னும் சாகவில்லை."

சிவப்புப் பேனா அவள் கையில் இருந்தது. மார்க் போடவில்லை. தாளை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள், எனக்குப் படித்துக் காட்டவில்லை.

தெருமுனையில் அந்தப் பெண்ணின் அப்பன் லாரி வந்து நின்றது. டிவி பார்த்துக்கொண்டிருந்த என் மகன் பழக்கத்தில் ரிமோட்டை எடுத்தான். மருமகள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சத்தத்தைக் கூட்டவில்லை. என்ன நினைத்தானோ, டிவியையே நிறுத்திவிட்டான்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். லாரிக் கதவைச் சாத்துவது கேட்டது. அவன் நடந்து வருவது கேட்டது.